வலிமைக்கும் வரலாறு உண்டு

சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் வெல்பவர் யார்? மாணவர் விடுதிகளில் ஓயாது எழும் இக்கேள்வியை ஆய்வுக்கு உரியதன்று என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அதற்குள் ஆராயத்தக்க ஓர் எடுகோள் உறைந்திருக்கிறது: ஆற்றல் என்பது ஒரு பாத்திரத்தின் மாறாப் பண்பு என்பதே அது. காமிக்ஸ் வரலாறு இதனை ஏற்பதில்லை.

1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில், ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் படைத்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு பங்கு மைல் தாவுவான். 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவன் தோலைத் துளைத்துவிடும். வானொலித் தொடரும் 1941இல் தொடங்கிய பிளைஷர் அசைபடங்களும் தாவலைப் பறத்தலாக வளர்த்தன. ஆற்றல் பெருகியபோது கதையில் இடர் குன்றியது. எனவே தடையும் தேவைப்பட்டது: கிரிப்டோனைட் 1943இல் வானொலியில் பிறந்து, 1949இல்தான் இதழுக்கு வந்தது. பின்னாளில் கோள்களையே நகர்த்துமளவு வளர்ந்த வலிமையை, 1986இல் ஜான் பைர்ன் மீண்டும் சுருக்கினார்.

வலிமையின் ஒப்பீடு நீதிமன்றமும் ஏறியது. 1940இல் பாசெட் நிறுவனம் வெளியிட்ட கேப்டன் மார்வெல், 'ஷாஸாம்' என்ற ஒற்றைச் சொல்லால் ஆற்றல் பெறுபவன். சாலமனின் ஞானம், ஹெர்குலிஸின் வலிமை, அட்லஸின் தாங்குதிறன், ஸியூஸின் ஆற்றல், அக்கிலிஸின் துணிவு, மெர்க்குரியின் வேகம் ஆகிய ஆறும் அச்சொல்லின் எழுத்துகளில் அடக்கம். விற்பனையில் சூப்பர்மேனையே விஞ்சிய இவன்மீது, சூப்பர்மேனின் பதிப்பாளர் 1941இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தார். 1951இல் மேல்முறையீட்டு நீதிபதி லெர்னட் ஹேண்ட் அளித்த தீர்ப்பு, எந்தெந்தப் படத்தொடர் நகலெடுக்கப்பட்டது எனத் தனித்தனியே ஒப்பிட வேண்டும் என்றது. 1953இல் 4,00,000 டாலர் தந்து சமரசம் செய்துகொண்ட பாசெட், அந்நாயகனின் இதழ்களை நிறுத்தியது. கதையில் எவராலும் வீழ்த்த முடியாதவன், ஓர் ஒப்பந்தத்தால் வீழ்ந்தான்.

1983இல் மார்வெல் வெளியிடத் தொடங்கிய கையேடு, வலிமையை டன் கணக்கில் வகைப்படுத்தியது: ஸ்பைடர்மேன் ஏறத்தாழ 10 டன் தூக்குவான்; உச்ச வகையினர் 100 டன்னுக்கு மேல். ஆயினும் ஹல்க் அந்த அளவுகோலுக்கு அடங்கவில்லை. சினம் ஏற ஏற வலிமையும் ஏறும் என்பதே அவனது இலக்கணம்.

இரு நிறுவன நாயகர்களும் நேரில் மோதியபோது நிகழ்ந்தவை இன்னும் நோக்கத்தக்கவை. 1976இல் ஸ்பைடர்மேன் சூப்பர்மேனுக்கு ஈடுகொடுக்க, செஞ்சூரியக் கதிர்வீச்சு என்னும் துணைக்காரணம் புனையப்பட்டது. 1996இல் ஐந்து மோதல்களின் முடிவை வாசகர் வாக்குகளே தீர்மானித்தன. ஹல்க்கை சூப்பர்மேன் வென்றான்; ஆனால் வொண்டர் வுமனை ஸ்டார்ம் வென்றாள். அங்கே அளக்கப்பட்டது தசைவலிமை அன்று, வாசகர் பற்று.

பன்முகத்திறனின் நிலையும் இதுவே. மொழியமைப்பில் ஒரு சொல்லின் மதிப்பு, பிற சொற்களோடு அது கொள்ளும் வேறுபாட்டால் அமைகிறது என்பார் சசூர். 1960இல் ஜஸ்டிஸ் லீக் குழு தோன்றியபோது, மீயாற்றல் ஏதுமற்ற பேட்மேன் சூப்பர்மேனுடன் ஒரே அணியில் நின்றான். அங்கே அவனுக்கு இடம் தந்தது பிறரிடமிருந்து அவனைப் பிரித்துக்காட்டும் துப்பறியும் அறிவும் முன்திட்டமும்தான். தனித்து நிற்கையில் குறைபாடாகத் தோன்றுவது, அமைப்புக்குள் தனித்தன்மையாகிறது.

ஆகவே 'யார் வலியவர்?' என்று கேட்போரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: எந்த ஆண்டில்? எந்த ஊடகத்தில்? யாருடைய உரிமையில்? இம்மூன்றையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கும்போது, விடுதி அறையின் விவாதமும் வரலாற்றாய்வாக மாறிவிடுகிறது.