மழைத்தண்ணீருக்கு வரி: ஒரு பழைய கதை

போன மாதம் வீட்டு வரி கட்டப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருக்காரர். "என்ன சார், வருஷா வருஷம் ஏத்துறானுக. மழை பேஞ்சா தெருவுல முழங்கால் தண்ணி. இந்தக் காசெல்லாம் எங்கே போகுது?" என்றார். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக் கொடுத்த பழக்கம் விடுமா? இதே கேள்வியை இதற்கு முன் யார் கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே மதராஸ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

1678ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக வந்தவர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர். கடற்கரை மணலில் வளர்ந்துகொண்டிருந்த ஊர் அது. தெருவில் குப்பை, சாக்கடை, மழை வந்தால் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். தெருக்களைச் சுத்தமாக வைக்க ஓர் அதிகாரியை நியமித்து, அந்தச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு வரியைப் போட்டார் மாஸ்டர். நம் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட வீட்டு வரியின் ஆரம்பம் இதுதான் என்று சொல்லலாம்.

அடுத்து வந்த கவர்னர் வில்லியம் கிஃபர்ட், நகரைச் சுற்றி மதில் கட்டும் செலவை வீட்டுக்காரர்கள் தலையில் வைத்தார். 1686 ஜனவரியில் நம் ஜனங்கள் பொங்கிவிட்டார்கள். கடைகளைச் சாத்தினார்கள், கோட்டைக்குள் சாமான் போகாமல் தடுத்தார்கள். கடையடைப்பு என்பது ஏதோ நம் காலத்துக் கட்சிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். வரி கட்டாதவன் வீட்டை இடித்து மனையை விற்றுவிடுவேன் என்று கவர்னர் மிரட்டிய பிறகே நிலைமை அடங்கியது.

லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு பெரிய வியாபாரி. மனிதர்களை எடைபோடத் தெரிந்தவர். அவருடைய கணக்கு இப்படி: மேலே இருந்து அதிகாரத்தால் போட்டால் ஜனங்கள் ஆறு பென்னி தரக்கூட முரண்டு பிடிப்பார்கள், ஊர்ப் பொதுக் காரியத்துக்குத் தாங்களே போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங் கூட மனமுவந்து தருவார்கள். அதாவது பத்து மடங்கு. அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பரில் சாசனம், 1688 செப்டம்பர் 29ல் திறப்பு விழா. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மேன்களில் நம் ஆட்களும் இருந்தார்கள், போர்த்துகீசியரும் யூதரும் கூட இருந்தார்கள்.

சைல்டு போட்ட கணக்கு பொய்த்தது. மேயரும் ஆல்டர்மேன்களும் ஊர்க்காரர்கள் மீது வரி போடத் தயங்கினார்கள். யார் பகையைச் சம்பாதித்துக்கொள்வது? வேறு ஏதாவது வருமானம் ஒதுக்கித் தாருங்கள் என்று கம்பெனியிடமே கை நீட்டினார்கள். சுமார் நூறு வருடம் கழித்து இங்கிலாந்துப் பாராளுமன்றச் சட்டம் வந்த பிறகுதான் வரி போடும் அதிகாரம் ஒழுங்காக அமைந்தது.

மதுரையில் அப்போது என்ன நடந்தது என்றால், நம் ஊரில் கண்மாய் வேலைக்குக் காசாக வரி வேண்டியிருக்கவில்லை. உழைப்பாகக் கொடுத்தார்கள். கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம் யாருக்கு எவ்வளவு இருக்கிறதோ, அந்த விகிதத்தில் அவரவர் ஆள் அனுப்பி வரத்துக் கால்வாயை வெட்டவேண்டும், மடையைச் சரிசெய்யவேண்டும். குடிமராமத்து என்றால் இதுதான். சொத்துள்ளவன் தண்ணீருக்குக் கொடுக்கும் கட்டணம், காசாக இல்லாமல் மண்வெட்டியாக. வெள்ளைக்காரன் இதற்கும் 1858ல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தான். வழக்கமாக இருந்தபோது நடந்த வேலை சட்டமான பிறகு சுணங்கிப்போனது. 2017ல் அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது செலவில் பத்து சதவீதம் ஆயக்கட்டு விவசாயிகள் பங்கு என்று வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது மதுரைக்காரர்களுக்கு மட்டுமான சங்கதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க முடிவு செய்தபோது கஜானாவில் காசில்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்று அறிவித்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவை. வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்கள் அவை. ஊரைச் சுற்றி மழைத்தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளம், மனையாகிவிட்டது. வேலை செய்தவனுக்கு மனை கிடைத்தது சரி, தண்ணீருக்கு மாற்று இடம் யாரும் காட்டவில்லை.

அந்தப் பழக்கம் நம்மிடம் நின்றுவிட்டதா? உயர்நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரியில், மாநகராட்சி இருப்பது தல்லாகுளத்தில். ஏரி, குளம் எல்லாம் பெயரில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் விளாங்குடியிலும் நான் வீடு கட்ட வந்தபோது திண்டுக்கல் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல் தெரிந்தது. வயல் பிளாட்டானபோது வாய்க்கால் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வயல் இருந்தவரை வாய்க்காலைத் தூர்வார ஒரு குடி இருந்தது. வயல் போனதும் அந்தக் குடியும் போய்விட்டது. வாய்க்கால் மட்டும், கேட்பாரற்ற அனாதைச் சொத்தாக, ஆளாளுக்கு ஒரு அடி உள்ளே தள்ளிக் காம்பவுண்டு கட்ட வசதியாகக் கிடந்தது. 2011ல் எங்கள் பேரூராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. வரி ரசீதின் நிறம் மாறியது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1920ஆம் வருட மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே சொத்து வரிக்குள் 'தண்ணீர், வடிகால்' என்று ஒரு பங்கு இருந்தது. ஆனால் வரியைக் கணக்கிடுவது கட்டடத்தின் பரப்பையும் தெருவின் மதிப்பையும் வைத்து. என் வீட்டிலிருந்து தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எந்தக் கணக்கிலும் இல்லை. சென்னையில் 1978ல் குடிநீர் வாரியம் தனிச் சட்டத்தோடு வந்தது; குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வரி, தனிக் கட்டணம். மழைநீர் வடிகால் மட்டும் சொந்தமாக வருமானம் இல்லாமல் மாநகராட்சியிடமே தங்கிவிட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய பெரிய வடிகால்களுக்கு அடையாறு, கூவம் பக்கம் உலக வங்கி, கோவளம் பக்கம் ஜெர்மன் வங்கி, கொசஸ்தலையாறு பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கி என்று கடன் வாங்கியிருக்கிறார்கள். கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். வருடாவருடம் மண் அள்ளுவதற்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

வெளிநாட்டில் வேறு மாதிரி. அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் பெல்வியூ என்ற ஊரில் 1974லேயே மழைநீருக்குத் தனிக் கட்டணம் வந்துவிட்டது. ஜெர்மனியின் பல நகரங்களில் கூரையும் சிமெண்டுத் தளமும் எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து வசூலிக்கிறார்கள். மண்ணாக விட்டால் கட்டணம் இல்லை. எல்லாரும் சந்தோஷமாகக் கட்டினார்கள் என்று நினைக்கவேண்டாம். பால்டிமோர் துறைமுக நகரம் இருக்கும் மேரிலாந்தில் 2012ல் சட்டம் வந்தது. 'மழை வரி' என்று கேலி செய்தே எதிர்க்கட்சிக்காரர் 2014 தேர்தலில் கவர்னரானார். அடுத்த வருடமே அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டது. 1686 மதராஸ் ஞாபகம் வருகிறதா?

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் மழை. செல்லூர், நரிமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் சிமெண்டுக் கால்வாய், 11.9 கோடி ரூபாய் என்று அடுத்த சில நாட்களில் அரசு அறிவித்தது. நல்லதுதான்.

அன்றைய மழையை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். என் மனை மூன்று சென்ட். பத்து சென்டிமீட்டர் மழைக்கு அதன் மேல் விழுவது பன்னிரண்டாயிரம் லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் லாரி நிறைய. வீடு கட்டிய புதிதில் முன்புறம் மண்ணாகத்தான் இருந்தது, முருங்கையும் செம்பருத்தியும் நின்றன. 1998ல் பையன் ஸ்கூட்டர் நிறுத்த வழுக்குகிறது என்று சிமெண்டு போட்டேன். 2003ல் வைத்த மழைநீர்க் குழாய், தொட்டி தூர்ந்து பல வருடமாகிறது. ஆக, அன்று லாரித் தண்ணீர் முழுவதையும் நான் தெருவில் விட்டிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாவுக்கும் மூன்று சென்ட்தான். கொல்லையும் முற்றமும் இன்னும் மண்ணாகவே வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீடு தாழ்வு. என் தண்ணீர் அவர்கள் படியேறியது.

எங்கள் இரண்டு வீட்டு வரி ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. நாளைக்கே மழைநீர்க் கட்டணம் என்று ஒன்று போட்டால் வரிசையில் நின்று முதலில் சத்தம் போடுவது நானாகத்தான் இருப்பேன், அதுவும் தெரிகிறது.

கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கு வலதுபக்கச் சிமெண்டை மட்டும் கொத்தி எடுக்க எண்ணூறு ரூபாய் கேட்கிறார். பையன் போனில், "எதுக்குப்பா இந்த வயசுல?" என்கிறான். தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடவேண்டும்.