வகுப்பறையும் வழக்குமன்றமும்: யாழ்ப்பாணத்துச் சட்டத்தொழிலின் பாடசாலை வேர்கள்

யாழ்ப்பாணச் சமூகத்தில் அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் பெற்றிருந்த செல்வாக்கைப் பற்றி எழுதுவோர் அவர்தம் நாவன்மையையும் அரசியற் பணியையும் விதந்துரைப்பது வழக்கம். எனினும், சட்டக் கல்லூரியின் வாயிலை அடையுமுன்னரே மாணவன் எம்மொழியில், எவருடைய பொருளைக்கொண்டு ஆயத்தஞ் செய்யப்பட்டான் என்னும் வினாவே அத்தொழிலின் வர்க்க இயல்பை நமக்குத் தெளிவுறுத்தும்.

1833ஆம் ஆண்டின் கோல்புறூக்-கமறன் சீர்திருத்தங்கள் நீதி பரிபாலனத்தை நாடு முழுவதற்கும் ஒருமுகப்படுத்தின. ஆங்கிலமறிந்த உள்நாட்டவருக்கு அரசாங்க உத்தியோகங்களின் கதவும் ஓரளவு திறந்தது. இதனால் ஆங்கிலக் கல்வி ஒரு மூலதனமாயிற்று. 1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்பவற்றோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. மாணவர் சமயப் பணியை விடுத்து உத்தியோகம் நாடினர் என்னும் மனக்குறை மிசனரி வட்டாரங்களில் வளர்ந்தமையும் 1855இல் அது மூடப்பட்டதற்கு ஒரு காரணமாகும். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் சட்டமும் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். அவரே கலித்தொகையைப் பதிப்பித்தவருமாவார். சட்டப் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் ஒருவரிடத்தே இணைதல் கூடும் என்பதற்கு இது சான்று.

அவ்விணைப்பு பின்னர் தளர்ந்தது. 1874இல் சட்டக் கல்விச் சபை தோன்றியது. 1880களில் கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகள் உயர்நிலைப் பாடசாலைகளின் இலக்காயின. ஆங்கில இலக்கியம், இலத்தீன், விவாதசங்கம் ஆகிய மூன்றும் வருங்கால வழக்கறிஞனை வனைந்தன எனலாம். உரோமன் டச்சுச் சட்டத்தின் மூலநூல்கள் பல இலத்தீனில் அமைந்திருந்தமையால், அம்மொழி வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. சுயமொழிப் பாடசாலைகள் கட்டணமின்றி இயங்க, ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. ஆகவே சட்டத்தொழிலின் முதலாவது தேர்வு பரீட்சை மண்டபத்தில் அன்றித் தந்தையின் பணப்பையிலேயே நிகழ்ந்தது. செல்வக் குடும்பத்தவரான பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பு அக்கடமியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்குச் செல்ல முடிந்தது. மத்தியதர வர்க்கத்தினர் வேறுவழி தேடினர்: சா. ஜே. வே. செல்வநாயகம் ஆசிரியராகக் கடமையாற்றிக்கொண்டே சட்டம் பயின்று 1923இல் அப்புக்காத்தானார்.

இப்பயிற்சியின் சமூக விளைவைத் தேசவழமை நன்கு புலப்படுத்துகின்றது. 1707இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டிய அவ்வழக்காறுகள் தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரின் இசைவைப் பெற்றன. 1806இல் ஆங்கிலேயர் அவற்றுக்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், ஒற்றி முதலிய சொற்கள் கமக்காரனின் அன்றாட வாழ்வில் வழங்கியவை. ஆயினும் தனது வளவுக்காக வழக்காடிய அவன், மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே நீதிமன்றத்தில் பேசினான். தனது வழமையின் பொருளை ஆங்கிலத்தில் இருவர் வாதிடுவதை விளங்காது நின்றான். உயர்பாடசாலை வழங்கிய மொழித்தேர்ச்சி இந்த இடைவெளியிலேயே விலை பெற்றது. கமக்காரனின் அறியாமை வழக்கறிஞனின் வருவாயாயிற்று.

தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகளும் இருந்தன. 1844இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னரும், அவ்விதிகளுக்கு ஆட்பட்டோரின் சந்ததியினருக்கு வகுப்பறை எளிதில் திறக்கவில்லை. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப் பணிக்கப்பட்டபோது உயர்சாதியினர் எதிர்த்தனர்; பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாங்கில் அமரவே போராட நேர்ந்தவன் வழக்குமன்ற மேடையை எங்ஙனம் எட்டுவான்?

இதனால் சட்டத்தொழில் முற்றிலும் பிற்போக்கானது என முடிவுகட்டுதல் இயங்கியல் நோக்காகாது. 1945இல் இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்திய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா பிறக்கிராசித் தொழில் புரிந்தவர். தான் பயன்பெற்ற ஏணியைப் பிறருக்கும் உரியதாக்க அவர் முனைந்தார். சுயமொழிக் கல்வி விரிவடைந்தது. அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் தரவேறுபாட்டை 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அகற்றியது. மறுபுறம், 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் மாணவனுக்குப் புதியதொரு மொழித்தடையை எழுப்பியது.

பழைய தடையும் மறைந்துவிடவில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் நடத்துவதற்கு 2020இல் வெளியான விதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. ஆங்கில அறிவு சட்ட மாணவனுக்கு அவசியமென்பதில் ஐயமில்லை. அதனைக் கிராமத்துப் பாடசாலையில் வழங்காது சட்டக் கல்லூரியின் வாயிலிற் கோருவதே அநீதி. சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் கோட்பாடு, சட்டத்தைக் கற்பதற்கான வாய்ப்பிலும் சமத்துவம் நிலவும்போதே முழுமை பெறும்.