மிளகாய்க்கு முந்தைய குழம்பு

ஐப்பசி மழையில் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நண்பர்கள் கூடி மொச்சைக் குழம்பு வைக்கும்போது, வரமிளகாயைக் கடைசித் தாளிப்பில்தான் போடச் சொல்வேன். இந்தக் குழம்புக்குக் கடைசியாக வந்து சேர்ந்ததும் அதுதான். மொச்சை, புளி, சாமை எல்லாம் மிளகாய்க்கு மூத்த குடிகள்.

போளூரில் தமிழாசிரியராக இருந்த எனக்கு இதற்குச் சாட்சி மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் வழி சொல்கிறார். செங்கண்மா இன்றைய செங்கம். அவர் பாடும் சேயாறு, எங்கள் ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியே ஓடும் செய்யாறு. வழியில் எந்தக் குடியில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அவர் சொல்லும் இடங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மூங்கிலரிசி, மேட்டுநிலத்து நெல்லரிசி, அவரை விதை, புளி சேர்த்துக் காய்ச்சிய கூழ், நடந்து களைத்தவருக்குப் புல் வேய்ந்த குடிசைதோறும் கிடைக்குமாம். அரண்மனையைக் காட்டுவதற்கு முன்பே எளியவர் வீட்டுக் கூழை எழுதி வைத்தாரே, அதற்காகவே அந்தப் புலவரைக் கும்பிடலாம்.

அந்தப் பானையில் மிளகாய் இருந்திருக்க வழியில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியர் கப்பல்களில் மேற்குக் கரையில் இறங்கியது. அதுவரை நமக்குக் காரம் தந்தது மிளகு. மிளகுக்கொடி நிழலும் ஈரமும் கேட்கும். மிளகாயோ வீட்டுப் புறக்கடையிலும் வரும், ஒரே பருவத்தில் காய்க்கும், காயவைத்தால் ஆண்டு முழுக்க இருக்கும். காசு கொடுத்து வாங்கிய காரம் வாசலிலேயே விளையும் என்றால் ஏழைச் சனம் அதை விடுமா?

மிளகாய் பிறந்த அமெரிக்கக் கண்டத்திலும், டெக்சாஸில், எங்கள் குழம்புக்கு உறவுக்காரப் பானை ஒன்று உண்டு. இறைச்சியும் மிளகாயும் கொதிக்கும் 'சில்லி'யை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் பெண்கள் இரவுதோறும் விற்றார்கள். 1977-இல் அதை மாநில உணவாகவே அறிவித்தார்கள். அதில் பயறு சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே இன்னும் சண்டை. இங்கே பயறு இல்லாவிட்டால் குழம்பே இல்லை.

மொச்சை போன தையில் விளைந்தது. செம்மண் கட்டிக் காயவைத்து, பானையில் போட்டு வைத்திருப்பார் நண்பரின் அம்மா. மண் போகக் கழுவி, இரவெல்லாம் ஊறவைத்து, விறகடுப்பில் ஏற்றுவோம். அவசரப்பட்டு யாராவது புளிக் கரைசலைத் தூக்கினால் அம்மா தடுத்துவிடுவார்.

"வாத்தியாரே, புளிய இப்ப ஊத்தாதீங்க. கொட்டை வேகாது."

உண்மைதான். புளிப்புப் பட்டால் பயறின் தோல் இறுகிவிடும். விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகே புளி. அது காட்டுப்புளி, தேன், கடுக்காயோடு இந்த மலை மக்கள் சேகரித்து விற்பது. சாமை இப்போது அறுத்தது. அதன் உமி லேசில் போகாது. உரலில் குத்திக் குத்திப் பெண்கள் கை ஓய்ந்த காலத்தை அம்மா சொல்வார். அரவை மில் வருவதற்குள் ரேஷன் அரிசி பல வீடுகளில் உலையேறிவிட்டது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாமைக்கு ஊடே மொச்சையும் துவரையும் விதைத்த கொல்லைகள் குறைந்தால், ஒரு பானைக்கு வேண்டியதெல்லாம் ஒரே நிலத்தில் விளைந்த காலமும் போய்விடும். அது எனக்குப் பெரிய கவலை.

இந்த முறை ஒரு சிறு பானையில் மிளகாயே போடாமல் மிளகை மட்டும் தட்டிப் போட்டோம். புளிப்பு முன்னால் வந்தது, காரம் தொண்டையில் மெல்ல ஏறியது, மொச்சையின் மணம் தனியாகத் தெரிந்தது. பெரிய பானைக்கு முன்பே அது காலியானது. அடுத்து மூங்கிலரிசிக் கூழ் காய்ச்ச ஆசை. மூங்கில் பூத்தால்தான் அரிசி. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். அதுவரை சாமைச்சோறு.