கொலைகாரன் கதவைத் தட்டினால்...

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பள்ளி இறுதியாண்டில் தத்துவமும் ஒரு பாடம். அதில் படித்த ஒரு வழக்கை இன்று நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு நண்பர் ஒளிந்திருக்கிறார். அவரைக் கொல்ல வந்தவன் கதவைத் தட்டி, "அவர் உள்ளே இருக்கிறாரா?" என்று கேட்கிறான். பொய் சொல்லலாமா?

சொல்லலாம் என்று 1797-இல் எழுதினார் பெஞ்சமென் கோன்ஸ்தான். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சி முடிந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கொலைகாரனுக்கு உண்மையைக் கேட்கும் உரிமை கிடையாது. விலக்கே இல்லாமல் எல்லோரிடமும் உண்மை பேசினால் சமுதாயம் நடக்காது என்பது அவர் வாதம். கூடாது என்று அதே ஆண்டு மறுத்தார் ஜெர்மானியர் கான்ட். அப்போது அவருக்கு வயது 73. விளைவு எப்படி அமையும் என்று யாருக்கும் தெரியாது, உண்மை பேசுவதோ விலக்கில்லாத கடமை என்றார்.

இந்த இரண்டும் போக மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. நல்லது கெட்டது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். அந்தந்தச் சமூகம் ஏற்றதே அறம் என்பார்கள்.

145 ஆண்டுகள் கழித்து பிரான்சில் அந்தக் கதவு நிஜமாகவே தட்டப்பட்டது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரீஸ் போலீஸ் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது. அதில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். யார் எந்த விலாசத்தில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தவை போலீஸ் தலைமையகத்தில் இருந்த கார்டுகள். அவற்றை எழுதியவர்கள் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தான். அன்றைய சட்டப்படி ஒழுங்காக எழுதினார்கள். அதையும் அறம் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த மூன்றாவது கட்சி எனக்கு வேண்டாம்.

அதே கோடையில், லு ஷாம்போன் என்ற மலைக் கிராமத்தில் யூதர்களின் பட்டியலைக் கேட்டார்கள். புரோட்டஸ்டண்ட் போதகர் அந்திரே த்ரோக்மே தர மறுத்தார். தஞ்சம் வந்தவர்களுக்காக அங்கே போலி அடையாள அட்டைகள் தயாராயின. 1943-இல் அவரை முகாமில் அடைத்தார்கள். அரசின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றார்கள். அவர் போடவில்லை.

அடுத்தவர் உயிருக்காக அந்த ஊரில் பொய்க் காகிதம் செல்லுபடியானது. போதகர் தன் விடுதலைக்காகப் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். தனக்கென்று வரும்போது கான்ட், பிறருக்கென்று வரும்போது கோன்ஸ்தான். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

பல ஆண்டுகள் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அலுவலகங்களில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கும்: நமக்கென்றால் விதிவிலக்கு, மேசைக்கு எதிரே நிற்பவருக்கு விதி.