பாறைகள் பிறந்தது நீரிலா, நெருப்பிலா?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாறைகளைப் பற்றிய பாடம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எடுத்துக்காட்டு. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண். அத்தோடு சரி! ஆனால் இந்த மூன்று வரிகளை எழுதுவதற்காக ஐரோப்பாவில் சுமார் அரை நூற்றாண்டு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அதில் நாத்திகப் பட்டம் கட்டப்பட்டவர்கள் உண்டு. குருவின் கொள்கையைக் கைவிட்ட சீடர்களும் உண்டு.

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாறைகளைப் பற்றிப் படிக்க விரும்பியவர்கள் போன இடம், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள ஃப்ரைபெர்க் என்ற சுரங்க ஊர். அங்கிருந்த சுரங்கக் கல்லூரியில் 1775 முதல் பாடம் நடத்தியவர் ஆபிரகாம் வெர்னர். அவர் எழுதியது மிகக் குறைவு. ஆனால் பேச்சில் மன்னன். அலெக்சாண்டர் ஹம்போல்ட், லியோபோல்ட் ஃபான் புக் எனப் பிற்காலத்தில் புகழ் பெற்ற பலரும் அவரிடம் படித்தவர்கள்தான்.

வெர்னர் சொன்னது இதுதான். ஆதியில் பூமி முழுவதையும் ஒரு பெருங்கடல் மூடியிருந்தது. அந்த நீரில் கரைந்திருந்த பொருட்கள், உப்பளத்தில் உப்பு படிவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்து பாறைகள் ஆயின. முதலில் படிந்தது கிரானைட். அதனால் அதுதான் உலகத்திலேயே பழைய பாறை. கடல் வற்ற வற்ற மற்றவை படிந்தன. கரிய பசால்ட் பாறைகூட நீரில் படிந்ததுதான். அப்படியானால் எரிமலைகள்? அவை நிலத்துக்கடியில் நிலக்கரி தீப்பிடித்து எரிவதால் ஏற்படும் சில்லறைச் சமாச்சாரம்!

இன்று இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் வெர்னர் சாக்சனியை விட்டு அதிகம் வெளியே போகாதவர். அங்கே குமுறிக்கொண்டிருந்த எரிமலை எதுவும் இல்லை. கண்ணால் கண்டதை வைத்து அவர் கட்டிய கணக்கு அது. கடல் தெய்வமான நெப்டியூனின் பெயரால் இந்தக் கட்சிக்காரர்களை நெப்டியூனியர் என்று அழைத்தார்கள். நோவா காலத்துப் பிரளயத்தை அப்படியே நம்பியவர்களுக்கும் இந்தக் கொள்கை எளிதாகப் பிடித்துப்போனது. உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டது என்று ஆயர் அஷர் போட்ட கணக்கு, ஆங்கில பைபிள்களின் ஓரத்திலேயே அச்சாகிக்கொண்டிருந்த காலம் அது.

எதிர்க்கட்சிக்குத் தலைமை தாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஹட்டன் (1726 - 1797). படித்தது மருத்துவம். ஆனால் வைத்தியம் பார்க்கவில்லை. நண்பர் ஒருவருடன் சேர்ந்து புகைக்கரியிலிருந்து நவச்சாரம் தயாரித்துப் பணம் சம்பாதித்தார். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் பல ஆண்டுகள் விவசாயம் செய்தார். அந்த விவசாயம்தான் அவரைப் புவியியலுக்குள் இழுத்து வந்தது எனலாம்.

மழை பெய்யும்போதெல்லாம் வயல் மண் கரைந்து வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்காலிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல். எந்த விவசாயிக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஆனால் ஹட்டன் அடுத்த கேள்வியைக் கேட்டார். இப்படியே போனால் ஒருநாள் நிலம் முழுவதும் கடலுக்குள் போய்விடாதா? உயிர்கள் வாழ்வதற்காகவே படைக்கப்பட்ட உலகம் இப்படி அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருக்குமா? அப்படியானால் எங்கோ புது நிலம் உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும். (பின்னாளில் நாத்திகர் என்று வசை வாங்கிய இந்த மனிதர், கடவுளின் ஏற்பாட்டில் குறை இருக்காது என்ற நம்பிக்கையிலிருந்துதான் தொடங்கினார்!) கடலடியில் சேரும் மணலும் சேறும் பூமியின் உள்வெப்பத்தால் இறுகிப் பாறையாகின்றன, அதே வெப்பம் அவற்றை மேலே தூக்கி மலையாக்குகிறது, மழை மறுபடி அவற்றைக் கரைக்கிறது. இதுவே ஹட்டன் கண்ட சுழற்சி. மலைப் பாறைகளில் கடல் சிப்பிகள் கிடைப்பதற்கும் இதில் விடை இருந்தது.

1785-ம் ஆண்டு மார்ச் மாதம் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இந்தக் கொள்கை வாசிக்கப்பட்டது. ஹட்டனுக்கு உடல்நிலை சரியில்லை. அவருக்காக வாசித்தவர் நண்பர் ஜோசப் பிளாக். கரியமில வாயுவைப் பற்றி ஆராய்ந்து புகழ் பெற்ற அதே பிளாக்தான். ஏப்ரல் மாதம் இரண்டாம் பகுதியை ஹட்டனே வாசித்தார்.

பேசியாகிவிட்டது. ஆதாரம் வேண்டாமா? அதே ஆண்டு ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் உள்ள கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே ஆற்றுப் படுகையில், கருமையான பழைய பாறையைக் கிழித்துக்கொண்டு சிவப்புக் கிரானைட் கிளை கிளையாக ஓடுவதைக் கண்டார். அவர் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்று வழிகாட்டிகள் நினைத்துக்கொண்டார்களாம்! சுவரின் விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றியிருக்கிறது என்றால் முந்தியது எது? சுவர்தானே. அதுபோல, கருமையான பாறை முதலில் இருந்திருக்க வேண்டும். அதன் விரிசல்களுக்குள் கிரானைட் குழம்பாகப் பாய்ந்திருக்க வேண்டும். ஆக, கிரானைட் உலகின் முதல் பாறையும் அல்ல, நீரில் படிந்ததும் அல்ல.

1788ல் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் ஆகிய இருவருடன் படகில் கடற்கரையோரமாகப் போனபோது சிக்கர் பாயிண்ட் என்ற முனையைப் பார்த்தார். புவியியல் வரலாற்றில் இதைவிடப் புகழ் பெற்ற பாறை இல்லை. கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள், அலமாரியில் புத்தகங்களை அடுக்கியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் சிவப்பு மணற்பாறை, கொஞ்சம் சாய்வாகப் படுத்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் இது எப்படி வந்தது என்று யோசித்தால்தான் தலை சுற்றும். பிளேஃபேருக்கும் அப்படித்தான் சுற்றியது. பிற்பாடு எழுதியும் வைத்தார்.

முதலில் சாம்பல் சேறு கடலடியில் படுக்கையாகப் படிந்து கல்லாக வேண்டும். அது மடிந்து செங்குத்தாகி, கடலுக்கு மேலே எழ வேண்டும். மழையும் காற்றும் அதன் தலையைச் சீவித் தள்ள வேண்டும். அதன்மேல் சிவப்பு மணல் பரவிப் படிய வேண்டும். (இதையும் கடல் மணல் என்றே ஹட்டன் நினைத்தார். ஆறுகள் கொண்டுவந்த மணல் என்பது பின்னால் தெரிந்தது.) அந்த மணலும் கல்லாகிச் சாய்ந்து இன்றைய கரையாக வேண்டும். இதற்கு ஆறாயிரம் ஆண்டுகள் எந்த மூலைக்கு? கீழ்ப்பாறைக்கு வயது சுமார் 43 கோடி ஆண்டுகள், மேற்பாறைக்குச் சுமார் 37 கோடி ஆண்டுகள் என்று இன்று கணக்கிடுகிறார்கள். அதாவது இரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்த ஒரு கோட்டில் ஆறு கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன! ஹட்டன் எண் எதுவும் சொல்லவில்லை. தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை என்ற பொருளில்தான் சொன்னார். அந்த வார்த்தையே வினையாகப் போனது. தொடக்கம் இல்லை என்றால் படைப்பு இல்லை என்றுதானே பொருள் என்று அயர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் கிர்வன் 1793ல் கடுமையாகத் தாக்கினார்.

அதற்குப் பதிலாக 1795ல் இரண்டு பெரிய தொகுதிகளாகத் தன் நூலை ஹட்டன் வெளியிட்டார். அதற்குள் உடல் நலிந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் கல்லைப் பற்றியே யோசித்தவரைச் சிறுநீர்ப்பைக் கல் படாதபாடு படுத்தியது. நூலோ ஆயிரம் பக்கத்துக்கு மேல். உண்மையைச் சொன்னால் படிக்க முடியாத நடை. நடுநடுவே பக்கம் பக்கமாக பிரெஞ்சு மேற்கோள்கள் வேறு. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு விற்கத் தெரியாத வியாபாரி அவர். இரண்டே ஆண்டுகளில் இறந்தும் போனார்.

வழக்கு முடியவில்லை. வெர்னர் கட்சி இரண்டு நியாயமான கேள்விகளைக் கேட்டது. பாறையை உருக்கி ஆறவைத்தால் கண்ணாடிதானே வருகிறது, கிரானைட்டில் இருக்கும் படிகங்கள் எங்கே? சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்புதானே மிஞ்சும், பளிங்குக்கல் எப்படி வரும்? காளவாயைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியின் பலம் புரியும்.

இவற்றுக்கு விடை கண்டவர், படகில் கூடப் போன ஜேம்ஸ் ஹால். பூமியின் ஆழத்தில் நடப்பதை மூசையில் செய்து பார்க்க முடியாது என்பது ஹட்டனின் கருத்து. அதனால் பெரியவர் உயிரோடு இருந்தவரை ஹால் பொறுமையாகக் காத்திருந்தார். இப்படியும் ஒரு மரியாதை! 1798ல், உருக்கிய பசால்ட்டை மிக மெதுவாக ஆறவைத்தால் படிகங்கள் உண்டாகின்றன, வேகமாக ஆறினால்தான் கண்ணாடி ஆகிறது என்று காட்டினார். பிறகு சுண்ணாம்புத் தூளைத் துப்பாக்கிக் குழாய்க்குள் வைத்து இறுக அடைத்துச் சூடாக்கினார். பல குழாய்கள் வெடித்தன. ஆனால் வாயு வெளியேற வழியில்லாத குழாய்களில் பளிங்கு போன்ற கல் கிடைத்தது. அழுத்தம்தான் காரணம் என்று ஹட்டன் சொன்னது சரியாகிவிட்டது.

அதே சமயம் பிளேஃபேர் 1802ல் ஹட்டனின் கொள்கையை எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். வெர்னரின் அருமைச் சீடரான புக், பிரான்சின் ஓவெர்ன் பகுதிக்குப் போய் எரிமலை வாயிலிருந்து பசால்ட் வழிந்து இறங்கியிருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். குருவின் மேல் மரியாதை குறையவில்லை, ஆனால் பசால்ட் விஷயத்தில் கட்சி மாறத்தான் வேண்டியிருந்தது. ஹட்டன் இறந்த ஆண்டில் பிறந்த சார்லஸ் லயல் 1830ல் வெளியிடத் தொடங்கிய நூலின் முதல் தொகுதியைத்தான் டார்வின் பீகிள் கப்பலில் எடுத்துப் போனார். பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்ற கணக்கு வர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹட்டன் சொன்னதெல்லாம் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. மணலைக் கல்லாக்குவது பெரும்பாலும் வெப்பம் அல்ல. நிலத்தடி நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பும் சிலிக்காவும்தான் மணிகளை ஒட்டவைக்கும் பசை. அந்த அளவுக்கு வெர்னரின் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

இந்தச் சண்டையின் ஒரு கிளை சென்னை வரை வந்திருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்று கண்டு, 1893ல் அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். இது குழம்பிலிருந்து உறைந்த தீப்பாறை என்றார் அவர். இல்லை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் பழைய பாறை உருகாமலேயே மாறியது என்றனர் பின்வந்தவர்கள் பலர். 1960ல் பிச்சமுத்து என்ற இந்தியப் புவியியலாளர், கர்நாடகத்தில் உள்ள கப்பாளதுர்க்கத்தில் சாம்பல் நிறப் பாறை திட்டுத் திட்டாக சார்னோகைட்டாக மாறி, பாதியில் நின்றிருப்பதை எடுத்துக்காட்டினார். ஆனால் குழம்பிலிருந்தே உறைந்த சார்னோகைட்டும் வேறு இடங்களில் இருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகள் வயதான பரங்கிமலைக் கல் எந்தக் கட்சி என்பதில் இன்றும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். சார்னாக்கின் கல்லறை கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இப்போதும் இருக்கிறது.