ஜீன் சாரசெனும் மணல்குழி மட்டையும்

ஜீன் சாரசென் (1902–1999) அமெரிக்க கோல்ஃப் வீரர். தொடக்க காலத்தில் மணல்குழியிலிருந்து பந்தை வெளியேற்றுவதே அவரது பெரும் பலவீனம். அந்நாளைய நிப்லிக் மட்டையின் கூரிய அடிவிளிம்பு மணலுக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

1931-32 குளிர்காலத்தில் புளோரிடாவில் தங்கியிருந்தபோது, மட்டையின் அடிப்பகுதியில் ஈயப்பற்று வைத்துத் தடிப்பாக்கினார். அரத்தால் அராவிச் சீர்செய்து, மணலில் மீண்டும் மீண்டும் அடித்துப் பழகினார். தடித்த அடிப்பகுதி மணலில் புதையாமல் வழுக்கிச் சென்றது. பந்துக்குச் சற்றுப் பின்னால் அடித்தால், மணலே பந்தைத் தூக்கிவிட்டது.

1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த பிரித்தானிய ஓப்பனை 283 அடிகளில், 5 அடி வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனும் அவர் வசமானது. அஞ்சிய மணல்குழியே அவருடைய பலமாயிற்று.