உடல் எடையும் இரத்த அழுத்தமும் (தாம்பரம், தென்சென்னைப் புறநகர்)

நோய் எதுவும் இல்லாத பெரியவர்களிடமும் எடை கூடக்கூட இரத்த அழுத்தம் ஏறுகிறது. பருமன் என்று பெயர் பெறும் அளவை எட்டிய பிறகுதான் இந்த ஏற்றம் தொடங்கும் என்று நினைப்பது தவறு. 'நார்மல்' எடைக்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது. கொழுப்பு சேரச்சேரப் பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன. இன்சுலினும் ஆஞ்சியோடென்சினும் மிகுந்து, சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பு அதை நேரடியாகவும் அழுத்துகிறது. சென்னை நகரில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக 2007இல் தெரிவித்தது. வயல்களும் ஏரிக்கரைகளும் குடியிருப்புகளாகி, 2021இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்ட தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் பகுதிகளின் வாழ்க்கைமுறையும் இன்று அந்த நகர வாழ்க்கைதான்.

சதை போடுவதே ஆரோக்கியம் என்ற நம்பிக்கை இங்கே எளிதில் அசையாது. அதற்கு நியாயமான வேரும் உண்டு. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் சானடோரியம் போன்ற இடங்களில் நோயாளியின் எடை கூடுவது குணமாவதன் அடையாளம். உருக்கும் நோயிலிருந்து மீள்பவருக்கு அது சரி. நலமாக இருப்பவரின் தொப்பைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

ஒல்லியானவர்களுக்கும் பிரஷர் வருகிறதே என்பார்கள். வருகிறது, வயது, மரபு, உப்பு எல்லாம் அதில் பங்கு வகிக்கின்றன. ஆனால் 32 நாடுகளில் பத்தாயிரம் பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வில், உப்பின் பங்கைக் கழித்துப் பார்த்தபோதும் எடையின் பங்கு தனியே நின்றது. மேலும், ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலில் வயிற்றுக்குள் கொழுப்பு மறைந்திருக்கலாம். அதனால்தான் நமக்கு உடல் நிறை குறியெண் 23ஐத் தொட்டாலே அதிக எடை என்று வகுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்ற ஐயமும் உண்மையே. ஆயினும் அந்தப் பிழையால் மட்டும் இந்த உறவை விளக்கிவிட முடியாது: 25 சோதனைகளைத் தொகுத்து 2003இல் வந்த ஆய்வின்படி, எடையில் 1 கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் சுமார் 1 மி.மீ. இறங்குகிறது. ஒருவருக்கு இது சிறிய எண். ஊர் முழுவதற்கும் பெரிய பலன்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. மாத்திரை தேவைப்படும் நாள்வரை காத்திராமல், 30 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தத்தோடு இடுப்பளவையும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.